கி, டோகி, கெய்க்கோகி, கிமோனோ: எதைச் சொல்லி வாங்குவது?

நீங்கள் கேட்டது இதுதான். மகள் ஐக்கிடோ என்னும் ஜப்பானியத் தற்காப்புக் கலை வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். ஆசிரியர் "கி" வாங்கி வரச் சொன்னார். கடைக்காரர் அதை "டோகி" என்றார். வகுப்பில் கொடுத்த தாளில் "கெய்க்கோகி" என்று இருக்கிறது. யூடியூபில் வேறொருவர் "கிமோனோ" என்கிறார். நான்கும் ஒரே உடைதானா, பெயர் தெரியாமல் தவறானதை வாங்கிவிடுவோமா என்பது உங்கள் முதல் கேள்வி. ஆசிரியர் மட்டும் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை கட்டியிருக்கும் பாவாடை போன்ற கருப்பு உடை என்ன, அதையும் இப்போதே வாங்க வேண்டுமா என்பது இரண்டாவது கேள்வி. இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: அதன் பெயர் ஹக்காமா. பெரும்பாலான ஐக்கிடோ வகுப்புகளில் புதியவர்கள் அதை அணிவதில்லை, அதனால் இப்போது வேண்டாம். முதல் கேள்விக்கு விடை கொஞ்சம் நீளம். நான் இளவயதில் ஜூடோ பயின்று, பிறகு ஐக்கிடோவுக்கும், வாளை உருவும் கலையான இயாய்டோவுக்கும் வந்தவன். ஜப்பானில் வேலை பார்த்த காலத்தில் அங்கேயும் பயிற்சிக்கூடங்களுக்குப் போயிருக்கிறேன். கியூடோ என்னும் வில்வித்தையை மட்டும் நான் பயின்றதில்லை. அதைப் பற்றிச் சொல்வது அருகிலிருந்து பார்த்ததும் படித்ததும்தான்.

கெய்க்கோ என்றால் பயிற்சி. ஆனால் எந்தப் பயிற்சியையும் குறிக்கும் சொல் அல்ல. நாட்டியம், தேநீர்ச் சடங்கு, சுமோ, வாள் என்று ஒரு மரபுக் கலையை ஆசிரியரிடம் திரும்பத் திரும்பச் செய்து கற்பதற்குத்தான் அந்தச் சொல். அதோடு உடை என்ற பொருளுள்ள "கி" சேர்ந்தால் கெய்க்கோகி, அதாவது பயிற்சி உடை. டோகி என்பதில் முன்பாதி ஜூடோ, கெண்டோ (மூங்கில் வாள் பயிற்சி), ஐக்கிடோ எல்லாவற்றின் கடைசியிலும் வரும் அதே "டோ", வழி என்று பொருள். கலையின் பெயரையே முன்னால் போட்டும் சொல்லலாம்: ஜூடோகி, கராத்தேகி, ஐக்கிடோகி, கெண்டோகி. ஆக, கெய்க்கோகி என்பது அதைப் போட்டுக்கொண்டு செய்யும் வேலையைச் சொல்கிறது, டோகி அது சேர்ந்த துறையைச் சொல்கிறது, ஜூடோகி குறிப்பாக எந்தக் கலை என்று சொல்கிறது. உங்கள் மகளுக்கு வாங்கப்போகும் உடுப்பை இந்த மூன்று வகையிலும் அழைக்கலாம், மூன்றும் சரி.

"கி" என்று தனியாகச் சொல்வதுதான் ஜப்பானில் கிடையாது. அது வெளிநாட்டுப் பயிற்சிக்கூடங்களில் வாலை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்ட பேச்சு. ஜப்பானியக் கடையில் போய் அந்த ஓரெழுத்தை மட்டும் சொன்னால் என்ன வேண்டும் என்று புரியாது, டோகி என்றால் உடனே எடுத்துக் காட்டுவார்கள். ஆனாலும் உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் அப்படிச் சொல்லிப் பழகிவிட்டார்கள். அதைத் தவறு என்று திருத்திக்கொண்டு திரிவதில் எனக்கு விருப்பமில்லை. உங்கள் மகளின் ஆசிரியர் சொன்னதிலும் குழப்பம் ஒன்றும் இல்லை.

தமிழில் எழுதும்போது மட்டும் ஒரு சிக்கல் வருகிறது, உங்கள் கேள்வியிலேயே அதைப் பார்த்தேன். ஆசிரியர் "கி" என்பது உள்ளே ஓடும் சக்தி என்றும் விளக்கினார், அப்படியானால் அதை எப்படிக் கடையில் வாங்குவது என்று எழுதியிருந்தீர்கள். இரண்டும் வேறு வேறு சொற்கள். ஐக்கிடோவின் நடுவில் இருக்கும் "கி" வல்லோசை உள்ளது, "கிளி" என்பதில் வரும் ஒலி. மூச்சு, உயிராற்றல், மனநிலை என்றெல்லாம் அதற்குப் பொருள் விரியும். உடையைக் குறிக்கும் "கி" கெய்க்கோகி, டோகி என்று சொல்லின் கடைசியில் வரும்போது மெல்லோசை பெறும், "யோகி" என்பதில் வருவது போல. ஜப்பானிய எழுத்திலும் இரண்டுக்கும் வேறு வேறு குறிகள். நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே வடிவம்தான், அதனால் வந்த குழப்பம் இது. ஆனால் உடையின் "கி" சொல்லுக்கு முதலில் வந்தால் வல்லோசையாகவே இருக்கும். கிமோனோ என்பதில் முதலில் நிற்பது அதே எழுத்துதான்: கி என்றால் உடுத்துவது, மோனோ என்றால் பண்டம். சொல் முதலில் வலித்தும் இடையில் மெலிந்தும் ஒலிப்பது நம் நாக்குக்கு இயல்பாக வருவது, அதனால் டோகி, கெய்க்கோகி என்று எழுதியபடியே வாசித்தால் உங்கள் உச்சரிப்பு சரியாகவே இருக்கும்.

கிமோனோவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் இன்று கிமோனோ என்றால் திருமணத்துக்கும் விழாவுக்கும் உடுத்தும் நீண்ட அங்கி. பயிற்சி உடையை அங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை. பிரேசிலில் வளர்ந்த மல்யுத்தக் கலையான ஜியு-ஜிட்சுவைப் பயில்பவர்கள் மட்டும் தங்கள் உடுப்பைக் கிமோனோ என்றே சொல்வார்கள். அவர்கள் கலை ஜூடோவிலிருந்து பிறந்தது. ஜூடோவின் தாய்ப்பள்ளியான கோடோக்கானைச் சேர்ந்த மாயேதா மிட்சுயோ 1914-இல் பிரேசிலுக்குப் போய் அங்கே கற்றுக்கொடுத்ததிலிருந்து அந்தக் கிளை தொடங்குகிறது. பிரான்சிலும் பொதுமக்கள் ஜூடோ உடையைக் கிமோனோ என்று சொல்வது வழக்கம். நீங்கள் பார்த்த காணொளி பெரும்பாலும் ஜியு-ஜிட்சு பற்றியதாக இருந்திருக்கும். அவர்களுடைய உடுப்பு ஒட்டினாற்போல், கைப்பகுதி குறுகலாகத் தைத்திருப்பார்கள். ஐக்கிடோவுக்கு அதை வாங்க வேண்டாம்.

இப்போது உடையின் பாகங்கள். மேல்சட்டைக்கு உவாகி என்று பெயர், மேலே போடுவது என்ற பொருள்தான். கால்சட்டையை ஜூடோவின் முறையான பேச்சில் ஷித்தபக்கி என்பார்கள், கீழே அணிவது. ஆனால் அன்றாடத்தில் எல்லோரும் சொல்வது ஜுபோன். அது பிரெஞ்சு மொழியில் உள்பாவாடையைக் குறிக்கும் ஒரு சொல்லிலிருந்து வந்தது என்பது பரவலான விளக்கம். வேறு விளக்கமும் உண்டு, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். இடுப்புக்கட்டு ஒபி. கழுத்திலிருந்து மார்பு வரை இறங்கும் தடித்த பட்டை எரி, சட்டையின் கைப்பகுதி, அதாவது கையுடை, சொதே, கட்டும் நாடா ஹிமோ.

இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டுமா என்றால், கடைக்காகத் தேவையில்லை. ஆனால் வகுப்பில் உங்கள் மகளுக்கு இவை நுட்பங்களின் பெயருக்குள்ளேயே வந்து நிற்கும். ஜூடோவில் ஒபி-ஒத்தோஷி என்றால் எதிராளியின் இடுப்புக்கட்டைப் பிடித்து வீழ்த்துவது. சொதே-ட்சுரிக்கோமி-கோஷி கையுடைப் பகுதியைப் பிடித்துத் தூக்கி இடுப்பின் மேல் எறிவது. ஒக்குரி-எரி-ஜிமே கழுத்துப் பட்டையை இழுத்து நெரிப்பது. ஐக்கிடோவில் சொதே-தொரி என்று ஆசிரியர் சொன்னால் கையுடையைப் பிடித்துக்கொண்டு வா என்று அர்த்தம், உஷிரோ-எரி-தொரி என்றால் பின்னாலிருந்து கழுத்துப் பட்டையைப் பிடி. உடையின் பாகம் தெரிந்த பிள்ளைக்கு எந்தக் கையை எங்கே வைப்பது என்பது பெயரைக் கேட்டவுடனேயே பாதி விளங்கிவிடும். நான் சொல்லிக்கொடுக்கும்போது முதல் வாரத்திலேயே உடையைத் தரையில் விரித்து வைத்து ஒவ்வொரு பாகமாகத் தொட்டுக் காட்டுவது இதனால்தான். ஜூடோவில் உடை என்பது மேலே மாட்டிக்கொள்ளும் சீருடை மட்டும் அல்ல, அதுவே ஆயுதமும் பிடிமானமும். அதனால்தான் சர்வதேசப் போட்டிகளில் துணியின் கனத்தையும், கையுடை மணிக்கட்டுவரை வருகிறதா என்பதையும், உள்ளே கை நுழைய இடம் விட்டிருக்கிறதா என்பதையும் அளவுகோல் வைத்துப் பார்த்த பிறகே உள்ளே அனுப்புகிறார்கள். இறுக்கமாகத் தைத்துக்கொண்டு வந்தால் எதிராளியால் பிடிக்கவே முடியாது.

கலைக்குக் கலை பெயர் எதைக் குறிக்கிறது என்பதில் ஒரு வித்தியாசம் உண்டு, வாங்கும்போது பலர் தடுமாறுவது இங்கேதான். ஜூடோகி, கராத்தேகி என்றால் மேல்சட்டை, கால்சட்டை சேர்ந்த தொகுப்பு. பல கடைகளில் வெள்ளை ஒபியும் சேர்த்தே தருவார்கள். ஆனால் கெண்டோகி என்றால் பொதுவாக மேல்சட்டை மட்டும். கெண்டோவில் கால்சட்டையே கிடையாது, நேராக ஹக்காமாதான், அதைத் தனியாக வாங்க வேண்டும். சட்டையும் ஒபியால் கட்டப்படுவதில்லை, மார்பருகே இருக்கும் நாடாவால் முடியப்படும். கியூடோவிலும் கால்சட்டை கிடையாது: வெள்ளை மேல்சட்டை, கருப்போ கருநீலமோ ஹக்காமா, காலில் பெருவிரல் பிரிந்த வெள்ளைத் துணிக்காலுறையான தாபி. இயாய்டோவில் ஹக்காமாவுக்கு உள்ளே அகலமான காக்கு-ஒபி என்ற கட்டு பல சுற்றுச் சுற்றியிருக்கும், ஏனென்றால் வாளுறை அந்தச் சுற்றுகளுக்கு இடையில்தான் செருகப்படுகிறது. ஐக்கிடோ இரண்டும் கலந்தது. உள்ளே ஜூடோவைப் போல வெள்ளைச் சட்டை, கால்சட்டை, ஒபி. ஹக்காமா அணியும் தகுதி வந்தவர்கள் அதன் மேல் ஹக்காமா கட்டிக்கொள்வார்கள்.

சுமோ இந்தக் கணக்கிலேயே வராது. அங்கே உடை என்றால் மவாஷி என்னும் இடுப்புக் கச்சைதான். பயிற்சியில் மேல்நிலை வீரர்கள் வெள்ளைப் பருத்தி மவாஷியும் மற்றவர்கள் கருப்பும் கட்டுவார்கள். மேல்நிலையினர் போட்டிக்கு வரும்போது வண்ணப் பட்டு.

இந்த உடை எவ்வளவு பழையது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் "பண்டைய சாமுராய் உடை" என்று அந்தத் தாளில் அச்சிட்டிருப்பதாக எழுதியிருந்தீர்கள், அதனால் சொல்கிறேன். ஹக்காமா பழையது, அதில் ஐயமில்லை. வெள்ளைச் சட்டை, கால்சட்டை, இடுப்புக்கட்டு என்ற தொகுப்பு அவ்வளவு பழையது அல்ல. ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ 1882-இல் தோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில் கோடோக்கானைத் தொடங்கியபோது மாணவர்கள் அணிந்த ஜூடோ உடைக்குக் கைகள் முழங்கையோடு நின்றன, கால்சட்டை முழங்காலுக்கு மேலேயே முடிந்தது. அந்தக் காலப் படங்களைப் பார்த்தால் இன்றைய உடையோடு அதைச் சேர்க்கவே தோன்றாது. பாயில் உரசி முட்டியும் முழங்கையும் சிராய்ந்தன, பிடிக்கவும் போதிய துணி இல்லை. 1907 வாக்கில்தான் கையும் காலும் நீண்டு இன்றைய வடிவத்துக்கு வந்தது. துணி, சாஷிக்கோ என்னும் நெருக்கமான தையலை ஒட்டிய கனத்த நெசவு. நகரத் தீயணைப்பு வீரர்களின் மேலங்கியிலிருந்து இது வந்தது என்று பலர் எழுதுகிறார்கள். அவர்களும் சாஷிக்கோ தையல் போட்ட தடித்த அங்கிதான் அணிந்தார்கள் என்பது உண்மை. ஆனால் உழைக்கும் மக்கள் பலரும் அந்தத் தையலைப் பயன்படுத்தினார்கள், எனவே நேரடி வம்சாவளி என்று சொல்ல அது போதாது.

கராத்தேவின் உடை இதற்கும் பிற்பட்டது. ஒகினாவாவில் கராத்தேக்கென்று தனிச் சீருடை இருக்கவில்லை, கட்டியிருந்த துணியோடோ அரைகுறை ஆடையிலோதான் பயின்றார்கள். அங்கிருந்த கராத்தே ஆசிரியர் ஃபுனாக்கோஷி கிச்சின் 1922-இல் தோக்கியோ வந்து, கானோவின் அழைப்பில் கோடோக்கானில் செய்து காட்டினார். அதற்கான உடையை ஜூடோ உடையைப் பார்த்து அவரே கையால் தைத்தார் என்பது அன்று உடன் நின்ற மாணவரின் நினைவுகள் வழியாக வரும் செய்தி. தைத்தது யார் கையாக இருந்தாலும், கராத்தேகி ஜூடோகியின் இலகுவான பிள்ளை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. 1924-இல் அவர் தன் மாணவர்களுக்கு முதல்முறையாகக் கருப்பு ஒபி தந்ததும் கோடோக்கான் முறையைப் பின்பற்றித்தான்.

ஒபியைப் பற்றி ஒரு கதை சுற்றுகிறது, உங்கள் மகளும் கேட்டிருப்பாள்: முற்காலத்தில் ஒபியைத் துவைக்கவே மாட்டார்கள், வெள்ளைக் கட்டு வருஷக்கணக்கான வியர்வையிலும் அழுக்கிலும் மெல்லக் கருத்துக் கருப்பு பெல்ட் ஆனது என்று. இதற்கு எந்த ஆதாரமும் இல்லை. தேர்ச்சி பெற்றவர்களைப் பிரித்துக் காட்ட 1880-களில் கோடோக்கான் கருப்பைக் கொண்டுவந்தது, அது ஒரு நிர்வாக முடிவு. ஆகவே ஒபியைத் தாராளமாகத் துவைக்கலாம், துவைக்கவும் வேண்டும். டான் என்பது கருப்பு ஒபியிலிருந்து மேலே எண்ணும் படிநிலை. கோடோக்கானில் ஆறாம் டானிலிருந்து எட்டாம் டான் வரை சிவப்பு வெள்ளைக் கட்டங்கள் மாறி மாறி வரும் ஒபியும், ஒன்பதுக்கும் பத்துக்கும் சிவப்பும் உண்டு. மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்ற வரிசை ஐரோப்பாவில் வளர்ந்தது. பாரிசில் 1930-களில் ஜூடோ கற்பித்த காவாய்ஷி மிக்கினோசுக்கேதான் அதைப் பரப்பினார். அவரே கண்டுபிடித்தார் என்றும் சொல்வார்கள், ஆனால் லண்டனில் அதற்குச் சற்று முன்பே வண்ண ஒபிகள் இருந்ததாகத் தெரிகிறது, எனவே "பரப்பினார்" என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கெண்டோ, கியூடோ, இயாய்டோ மூன்றிலும் படிநிலையை ஒபியின் நிறத்தில் காட்டும் வழக்கமே இல்லை. கெண்டோவில் எட்டாம் டான் ஆசிரியரும் சென்ற மாதம் சேர்ந்தவரும் ஒரே கருநீலத்தில் நிற்பார்கள். எனக்கு அது மிகவும் பிடித்த விஷயம்.

சரி, ஹக்காமாவுக்கு வருவோம். பார்க்கப் பாவாடை போல இருந்தாலும் பயிற்சியில் அணிவது பெரும்பாலும் கால் பிரிந்ததுதான். குதிரை ஏறுவது என்ற பொருளில் அதற்கு உமாநோரி என்று பெயர். பிரியாமல் உருளையாகத் தைத்ததை அந்தோன் என்பார்கள், காகித விளக்கின் பெயர் அது. பின்னால் இடுப்பில் விறைப்பாக ஒரு பலகை போன்ற பகுதி இருக்கும், கொஷி-இத்தா. முன்பக்கமும் பின்பக்கமும் தனித்தனி நாடாக்கள், அவற்றை முறைப்படி சுற்றி முன்னால் முடிய வேண்டும். உட்காரும்போது துணி காலில் சிக்காமல் கையால் ஒதுக்குவதற்கே ஹக்காமா-சபாக்கி என்று ஒரு பெயர் உண்டு. இடது காலை முதலில் மடக்கி உட்கார்ந்து, வலது காலை முதலில் ஊன்றி எழுவது பொது வழக்கம். வாளை இடுப்பில் செருகியிருக்கும்போது இந்த வரிசை ஏன் என்பது தானே புரிந்துவிடும்.

ஹக்காமாவின் மடிப்புகளுக்குச் சொல்லப்படும் விளக்கத்தைக் கொஞ்சம் நிதானமாகக் கேட்க வேண்டும். ஐக்கிடோ வகுப்புகளில் ஏழு மடிப்புகள், முன்னால் ஐந்து, பின்னால் இரண்டு, அவை வீரனின் ஏழு நற்பண்புகள் என்று சொல்லித் தருவார்கள். கெண்டோவில் கேட்டால் முன்னால் ஐந்து, அவை அன்பு, நேர்மை, மரியாதை, அறிவு, நம்பகம் என்ற கன்ஃபூசியப் பண்புகள், பின்னால் இருப்பது ஒன்றே, அது விசுவாசமும் பெற்றோர் பக்தியும் ஒன்றான மனம் என்பார்கள். ஒரே உடையின் பின்பக்க மடிப்பை ஒரு கூட்டம் இரண்டு என்கிறது, இன்னொரு கூட்டம் ஒன்று என்கிறது! நடுவில் ஒரு ஆழமான மடிப்பு விழும்போது இரு விளிம்பையும் எண்ணினால் இரண்டு, மடிப்பை எண்ணினால் ஒன்று. பண்புகளை வைத்து ஹக்காமா தைக்கப்படவில்லை, இருந்த மடிப்புகளுக்குப் பிறகு பண்புகள் பொருத்தப்பட்டன என்பதற்கு இதுவே எனக்குப் போதுமான சான்று. அதற்காக அந்த விளக்கத்தை ஒதுக்கச் சொல்லவில்லை. பயிற்சி முடிந்து மடிப்பு மடிப்பாக நீவி மடிக்கும்போது பிள்ளைகளுக்கு அந்த ஐந்தோ ஏழோ மனதில் ஓடினால் நல்லதுதான். வரலாறு என்று மட்டும் சொல்ல வேண்டாம். எதிராளி காலடியைப் பார்க்காதபடி மறைக்கத்தான் ஹக்காமா என்பதும் அப்படிப்பட்ட ஒரு விளக்கமே. சாமுராய்கள் வேலைக்கும் பயணத்துக்கும் இறங்கும்போது அதைத் தூக்கிச் செருகிக்கொண்டதற்குப் படங்கள் உண்டு.

ஐக்கிடோவில் ஏன் எல்லோரும் ஹக்காமா அணிவதில்லை? ஐக்கிடோவை உருவாக்கிய உவேஷிபா மொரிஹெய் எல்லா மாணவர்களும் அணிய வேண்டும் என்றே விரும்பினார் என்று அவரிடம் நேரில் பயின்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். போருக்குப் பிறகு ஜப்பானில் துணிக்குக் கடும் தட்டுப்பாடு. புதிய மாணவர்களால் அத்தனை துணி வாங்க முடியாததால் டான் பெற்ற பிறகு போதும் என்று தளர்த்தினார்கள், பின்னாளில் அந்தத் தளர்வே தகுதி அடையாளமாக மாறிவிட்டது என்கிறார்கள். இதை நான் நம்பத் தகுந்ததாகவே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் ஒருவர் மட்டும் சொன்னதல்ல. இன்று வழக்கம் கூடத்துக்குக் கூடம் மாறும். சிலவற்றில் முதல் டானுக்குப் பிறகு, சிலவற்றில் பெண்களுக்குச் சில படிகள் முன்னதாகவே, சிலவற்றில் முதல் நாளிலிருந்தே.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளை என்பது தூய்மைக்காக என்று விளக்குவார்கள், ஆனால் ஆரம்பகால உடைகள் சாயமிடாத பருத்தியின் பழுப்பு வெள்ளையில்தான் இருந்தன. ஜூடோவில் நீலம் வந்தது பார்வையாளருக்கும் நடுவருக்கும் இருவரையும் பிரித்துத் தெரிய வேண்டும் என்பதற்காக. 1964 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற நெதர்லாந்தின் ஆன்டன் கீசிங்க் அதற்காக வாதாடினார், ஜப்பான் எதிர்த்தது, சர்வதேச ஜூடோ கூட்டமைப்பு 1997-இல் ஏற்றுக்கொண்டது. கெண்டோவின் கருநீலம் ஐசோமே என்னும் அவுரிச் சாயம். நம் ஊர் அவுரிச்செடி வேறு, ஜப்பானில் சாயத்துக்குப் பயிரிடும் செடி வேறு இனம். ஆனால் இரண்டிலிருந்தும் கிடைக்கும் நீலப் பொருள் ஒன்றே. புதிய கெண்டோ உடை தோலிலும் கையிலும் நீலம் ஏற்றும், முதல் சில சலவைகளுக்குத் தனியாக நனைக்க வேண்டும்.

இனி நீங்கள் வாங்க வேண்டியது. கடையில் ஐக்கிடோகி என்று கேளுங்கள். இல்லையென்றால் பயிற்சிக்கான இலகு ரக ஜூடோகி போதும், பலர் ஐக்கிடோவை அதில்தான் செய்கிறார்கள். கராத்தேகி என்றால் யோசித்து வாங்குங்கள். அது உதைக்கும் குத்துக்கும் தடையில்லாமல் மெல்லிய துணியில் செய்தது, ஒருவர் கையுடையையும் கழுத்துப் பட்டையையும் பிடித்து இழுக்கும் கலையில் தோள் தையல் சீக்கிரம் விட்டுவிடும். சிறு பிள்ளையானால் முதல் வருஷத்துக்கு அதுவே ஓடும், வளர்ந்த பெண்ணானால் கனமானதையே வாங்குங்கள். பருத்தி சுருங்கும். உயரத்துக்குச் சற்று மேலான அளவை எடுத்து, குளிர்ந்த நீரில் துவைத்து நிழலில் உலர்த்துங்கள். வெந்நீர் வேண்டாம். சட்டைக்குள் பெண்கள் வெள்ளை டி-ஷர்ட் போட்டுக்கொள்வது வழக்கம்.

போடும்போது ஒன்றை மட்டும் முதல் நாளிலேயே பழக்கிவிடுங்கள். இடது பக்கம் மேலே, வலது பக்கம் உள்ளே. ஆணுக்கும் பெண்ணுக்கும் இதில் வேறுபாடு இல்லை. நம் கடைச் சட்டைகளில் பெண்களுக்குப் பொத்தான் திசை மாறியிருப்பதால் பெண் பிள்ளைகள் பலர் இதை மாற்றிப் போட்டுக்கொண்டு வருவார்கள். ஜப்பானில் 719-ஆம் ஆண்டிலேயே அரசாணையாக வந்த வழக்கம் இது. வலது பக்கத்தை மேலே போர்த்துவது அங்கே இறந்தவருக்கு உடுத்தும் முறை, அதனால் ஜப்பானிய ஆசிரியர் யாராவது வந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். ஒபி இரண்டு சுற்றுச் சுற்றி முன்னால் தட்டையான முடிச்சாக விழ வேண்டும், நுனிகள் இரண்டும் ஒரே நீளத்தில்.

ஹக்காமா வாங்கும் காலம் வரும்போது குழம்பாமல் இருக்க ஒரு தகவல். அதன் அளவு 23, 24, 25 என்று எண்ணில் இருக்கும். அது சென்டிமீட்டரும் அல்ல, அங்குலமும் அல்ல. துணி அளக்கப் பயன்பட்ட குஜிரா-ஷாக்கு என்னும் பழைய முழக்கோல் ஏறக்குறைய 38 சென்டிமீட்டர். 25 என்றால் அதில் இரண்டரைக் கோல், அதாவது முன்பக்க நாடாவிலிருந்து கீழ்விளிம்பு வரை சுமார் 95 சென்டிமீட்டர். 24 என்றால் 91. ஒபி கட்டிய நிலையில் மகளின் இடுப்பெலும்பிலிருந்து கணுக்கால் எலும்பு வரை அளந்து அதற்கு நெருக்கமான எண்ணைக் கேளுங்கள். எந்தப் படியிலிருந்து அணியலாம், கருப்பா கருநீலமா என்பதை மட்டும் அவளுடைய ஆசிரியரிடம் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.